அவரே எழுதிய ஐந்து விநாடி

கணக்கு சார் தம் வாழ்க்கையில் எத்தனையோ தப்புச் செய்திருக்கிறார். ஆனால் பிழையில்லாத தமிழில், குண்டு குண்டான எழுத்தில் எழுதி, கீழே கையொப்பமும் போட்டுக் கொடுத்த தப்பு ஒன்றுதான். ஆசிரியர் அறையில் யாராவது புதிதாக வேலைக்குச் சேர்ந்தால், முதல் வாரமே அதை அவரே சொல்லிவிடுகிறார். பிறர் சொல்லிக் கேட்பதைவிட நம் வாயால் சொல்லிவிடுவது நல்லது, மூக்கு உடைந்த கதையை உடைந்த மூக்குக்காரன் சொன்னால்தான் சுவை என்பார். சொல்லும்போது தம்மைக் கொஞ்சமும் விட்டுவைப்பதில்லை. இங்கே நான் சொல்வதும் அவர் சொன்னதுதான். கூடக் குறைய இருந்தால் பாதிப் பழி அவருக்கு.

வேலையில் சேர்ந்து இருபத்தாறு வருஷம். அதில் பத்தொன்பது வருஷம் பத்தாம் வகுப்புக் கணக்கு. பத்தாம் வகுப்பு என்றால் சும்மாவா? ஆசிரியர் அறையில் ஜன்னலோர நாற்காலி அவருக்கு. தேர்வு முடிவு வருகிற அன்று பெற்றோர் தேடிவந்து கும்பிடுவது அவரை. கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் "பத்தாவதுக்குக் கணக்கு எடுக்கிறாரே, அவர்" என்றுதான் அவரை அறிமுகம் செய்வார்கள். நன்றாக எழுதியவர்கள் எல்லாம் அவர் உருவாக்கியவர்கள். எழுதாதவர்கள் எல்லாம் ஆறாம் வகுப்பில் அடித்தளம் சரியாகப் போடப்படாதவர்கள். "கீழ் கிளாஸ்ல சொல்லித் தர்றவங்க ஒழுங்கா சொல்லித் தந்திருந்தா எனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?" என்று ஆறாம் வகுப்பு டீச்சர் காதில் விழும்படி வாரம் ஒரு தடவையாவது சொல்வார்.

அப்படியிருக்கும்போது, ஆசிரியர்களுக்கு என்று பணித்தரங்கள் எழுத வேண்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். ஒரு நல்ல ஆசிரியர் வகுப்பில் என்னென்ன செய்ய வேண்டும், எதைச் செய்தால் எந்த நிலை, ஒன்றாம் நிலையா நான்காம் நிலையா என்றெல்லாம் வரையறுக்கிற வேலை. அதற்குப் பதினோரு நாள் கூட்டம், பள்ளிக்கு ஒருவர் வர வேண்டும் என்றார்கள். தலைமையாசிரியை இவரை அனுப்பினார். தம் அனுபவத்துக்குக் கிடைத்த மரியாதை என்று அப்போது நினைத்தார். பதினோரு நாள் அவர் வாயிலிருந்து மற்றவர்களுக்கு விடுதலை என்பதற்காக அனுப்பினார்கள் என்று இப்போது நினைக்கிறார்.

கூட்டத்தில் எல்லாரும் "போதிய அளவு", "தக்க முறையில்", "இயன்றவரை" என்று எழுதிக்கொண்டே போனார்கள். இவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"போதிய அளவுன்னா எவ்வளவுங்க? அளக்க முடியாததை எழுதி வெச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்?"

பாவம், அவர்கள் பேனாவை இவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். இவர் எழுதினார். கேள்வி கேட்டபின் மாணவர் யோசிக்க ஆசிரியர் குறைந்தது ஐந்து விநாடி காத்திருக்க வேண்டும். இதை ஏதோ பயிற்சித் தாளில் படித்திருந்தார். கேட்க நன்றாக இருந்தது. அடுத்து, பாடக்குறிப்பில் எழுதியதை அந்தப் பாடவேளைக்குள் முடிக்காதவர் இரண்டாம் நிலைக்கு மேல் போக முடியாது. மூன்றாம் நிலை எட்டாதவருக்கு அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக் கிடையாது. இந்த இரண்டும் பக்கத்து அறைப் புவியியல் சாரை மனதில் வைத்து எழுதியவை. அந்த மனிதர் ஒரு நதியை ஆரம்பித்தால் அது கடலுக்குப் போய்ச் சேர ஒரு மாதம் ஆகும். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் ஓயாமல் கேள்வி கேட்பதும் சிரிப்பதும் இந்தப் பக்கம் கேட்கும். கணக்கு சாருக்கு அது பொறுக்காது. கடைசியாக, வகுப்பைப் பார்வையிட வருபவர் வேறு பாடத்தின் ஆசிரியராக இருக்க வேண்டும் என்றும் எழுதினார். கணக்கு தெரிந்த எவனாவது வந்து தம்மைக் குடையக் கூடாதல்லவா? அதற்காக.

சூனியம் வைப்பதற்குக்கூட ஆள் பிடிக்க வேண்டும். இவர் தமக்குத் தாமே, இலவசமாக, நான்கு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்.

முதலில் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே நிலை போட்டுக்கொள்ளும் படிவம் வந்தது. கணக்கு சார் வரிசையாக நான்கு, நான்கு, நான்கு என்று போட்டுக்கொண்டே போனார். கடைசியில் ஒரு கேள்வி: "இப்பணியில் நீங்கள் இன்னும் கற்க வேண்டியது என்று கருதுவது யாது?" அதுவும் அவர் கொடுத்த கேள்விதான். "ஒன்றுமில்லை" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

அடுத்து வகுப்பைப் பார்வையிடுவது. ஒத்திகையாக ஒரு தடவை, பிறகு நிஜமாக ஒரு தடவை. மழை பெய்து மைதானம் சேறாகிக் கிடந்ததால் பி.டி. சார் ஒருவர்தான் கையில் வேலையில்லாமல் இருந்தார். அவரைப் போட்டார்கள். பிள்ளைகளை ஓடவும் குதிக்கவும் வைக்கிற மனிதர். நல்ல உயரம். கடைசி பெஞ்சில் முழங்கால் நுழையாமல் பக்கவாட்டில் உட்கார்ந்தார். கழுத்தில் விசிலும் ஸ்டாப்வாட்சும் தொங்கின. கணக்கு சார் அதைப் பார்த்தார். ஆனால் அது எதற்கு என்று அவருக்கு உறைக்கவில்லை.

வகுப்பு அமர்க்களமாகப் போனது. மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது கடைசிக் கணக்கின் கீழே விடையைப் போட்டு, கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். வெளியே வராந்தாவில் பி.டி. சாரைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி?"

"குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கணீர்னு கேட்டுச்சு சார். போர்டுல எழுத்து முத்து முத்தா இருக்கு."

"அது ஊருக்கே தெரியும். கேள்வி கேட்டேனே, அது?"

பி.டி. சார் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "அறுபத்து மூணு கேள்வி கேட்டீங்க சார். அறுபத்தொண்ணுக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க."

"சரி, மீதி ரெண்டு பசங்க சொன்னாங்கல்ல?"

"ஒண்ணு, புரிஞ்சுதான்னு கேட்டீங்க. எல்லாரும் சேர்ந்து புரிஞ்சுது சார்னாங்க. இன்னொண்ணு மணி என்னன்னு என்னைக் கேட்டீங்க."

கணக்கு சார் முகத்தில் அசடு வழிந்தது. இருந்தாலும் விடவில்லை. "கேட்டதும் நான் காத்திருந்தேனே. பாத்தீங்கதானே?"

"சராசரியா பூஜ்யம் புள்ளி எட்டு விநாடி சார். என் பசங்க விசில் கேட்டுக் கிளம்பவே அவ்வளவு நேரம் ஆகும்."

"வாட்ச் ரிப்பேரா இருக்கும்."

"போன வாரம்தான் பேட்டரி மாத்தினேன்" என்றார் பி.டி. சார் சாதுவாக. பிறகு வாட்சைக் கழற்றி இவர் கண்ணெதிரே பிடித்து, "இதான் சார் அஞ்சு விநாடி" என்று பொத்தானை அழுத்தினார்.

இரண்டு பேரும் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாடிப்படி அடியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பையன் தண்ணீர் பாட்டிலை நிரப்பி மூடி போட்டு, இவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். கணக்கு சார் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார்.

"இவ்வளவு நேரமா?"

"நீங்க எழுதினதுதானே சார்."

அன்று சாயங்காலம் வீட்டில் பயிற்சியை ஆரம்பித்தார். வீட்டில் இருப்பது மனைவி மட்டும். தபால் அலுவலகக் கவுன்ட்டரில் நாள் முழுக்க நூறு பேருக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிற பெண்மணி. வந்ததும் அரிவாள்மணையோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். பெரிய காப்பீட்டு நிறுவனத்தில் கணக்கீட்டுப் பிரிவில் உத்தியோகம். "பத்தாவதுல என் கிளாஸ்ல உக்காந்தவ, கணக்கு வராம எங்கே போகும்?" என்று இவர் சொல்லாத ஆளில்லை.

எதைக் கேட்பது என்று யோசித்து, சுலபமானதாக ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"நான் நல்ல வாத்தியார்தானே?"

வழக்கமாக இதற்குப் பின்னாலேயே "அதிலென்ன சந்தேகம்" என்று அவரே சொல்லிவிடுவார். இன்றைக்கு வாயை இறுக மூடிக்கொண்டு மனதுக்குள் எண்ணினார். ஐந்து ஆயிற்று. ஏழு ஆயிற்று. பீன்ஸ் நறுக்குகிற சத்தம் நின்றது. பதினொன்றாவது விநாடியில் மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நம்ம பொண்ணு பத்தாவது படிக்கிறப்போ சாயங்காலம் பாட்டு கிளாஸ் போனாளே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? வருஷம் முழுக்கப் போனா. ஒரு பாட்டுகூடப் பாடத் தெரியல."

"பாட்டு கிளாஸ் இல்லீங்க அது. கணக்கு டியூஷன்."

சுவர்க் கடிகாரம் அத்தனை சத்தமாக ஓடும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"யார்கிட்ட?"

"பின் தெருவுல ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்கிற அக்கா இருந்தாங்களே, அவங்ககிட்ட. கிளாஸ்ல அப்பா யோசிக்கவே விடமாட்டேங்கறாரு, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவரே பதிலைச் சொல்லிடறாருன்னு ஒருநாள் அழுதா. நான்தான் கூட்டிட்டுப் போய் விட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எப்பங்க கேட்டீங்க? கணக்கு எப்படிப் போகுதும்பீங்க. யாரு பொண்ணு, நல்லாத்தான் போகும்னு நீங்களே சொல்லிட்டுப் பேப்பரை எடுத்துடுவீங்க." அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. பீன்ஸை மறுபடியும் நறுக்க ஆரம்பித்துவிட்டார்.

கணக்கு சாருக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்ததில் வேறு ஆளே கிடைக்கவில்லை.

ஆனாலும் பத்தாம் வகுப்பை விட்டுவிட முடியுமா? நிஜப் பார்வைக்கு ஒரு வாரம் இருந்தது. தந்திரம் ஒன்று கண்டுபிடித்தார். கால்சட்டையின் இடது பாக்கெட்டில் ஐந்து சாக்பீஸ் துண்டுகள். கேள்வி கேட்டதும் ஒவ்வொன்றாக வலது பாக்கெட்டுக்கு மாற்றினால் ஐந்து விநாடி. அடுத்த கேள்விக்கு வலமிருந்து இடம். அந்த வாரம் முழுக்க அவர் கால்சட்டை இரண்டு பக்கமும் வெள்ளையாகவே இருந்தது. துவைக்கிற மனைவி, "சுவர்ல வெள்ளை அடிக்கப் போறீங்களா?" என்று கேட்டார். அதற்கும் ஐந்து விநாடி காத்திருந்துதான் பதில் சொன்னார்.

அந்த நாள் வந்தது. பின் பெஞ்சில் பி.டி. சாரோடு தலைமையாசிரியையும் உட்கார்ந்தார். பாடம், இயற்கணிதக் கோவைகளை வகுப்பது. பாடக்குறிப்பில் பன்னிரண்டு கணக்கு எழுதியிருந்தார். நாற்பது நிமிடத்தில் பன்னிரண்டு என்பது அவருக்கு ஜுஜுபி. பன்னிரண்டையும் முடித்து, ஐந்து விநாடியும் காத்திருந்துவிட்டால் மூன்றாம் நிலை. ஜன்னலோர நாற்காலி எங்கேயும் போகாது.

நான்கு கணக்கு ஒழுங்காக நடந்தது. ஐந்தாவதைப் பலகையில் எழுதினார். ஒரு பின்னக் கோவையை இன்னொரு பின்னக் கோவையால் வகுக்க வேண்டும்.

"அடுத்து என்ன பண்ணணும்?"

ஐந்து சாக்பீஸும் இடம் மாறின. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. காத்திருந்தால் சாரே சொல்லிவிடுவார் என்று அவர்களுக்குத் தெரியும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி முப்பத்தெட்டுப் பேரும் பொறுமையாக அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாக்கு அரித்தது. ஆறு, ஏழு, எட்டு.

மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் ஒரு கை பாதி எழுந்தது. தூக்கிய கையா, தலையைச் சொறியப் போன கையா என்று தெரியாத மாதிரி எழுந்தது. அந்த வருஷம் முழுக்க அவர் வகுப்பில் ஒரு வார்த்தை பேசியிராத பெண். எல்லாத் தேர்விலும் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று கரையேறுகிறவள்.

"கவுத்துப் போட்டுப் பெருக்கணும் சார்."

"வெரி குட். உக்காரு."

அவள் உட்காரவில்லை. "ஆனா ஏன் சார் கவுக்கிறோம்?"

"அது அப்படித்தாம்மா" என்று வாய் வரை வந்துவிட்டது. கையிலிருந்த சாக்பீஸ் அதை நிறுத்தியது. "எப்பலேர்ந்து உனக்கு இந்தச் சந்தேகம்?" என்று கேட்டார்.

"ஆறாவதுலேர்ந்து சார்."

இந்த இடத்தில்தான் கணக்கு சார் கதையை நிறுத்தி, தலையில் அடித்துக்கொள்வார். ஏனென்றால் அந்த நேரத்தில் அவருக்கு உண்மையில் சந்தோஷம் வந்தது. தலைமையாசிரியை எதிரிலேயே ஆறாம் வகுப்பின் குட்டு வெளிப்படப் போகிறது. அந்தச் சந்தோஷத்தில், யாரும் கேட்காமலே அடுத்த கேள்வியையும் கேட்டார்.

"ஆறாவதுல உனக்கு யாரு சொல்லித் தந்தாங்க?"

"நீங்கதான் சார். டீச்சர் பிரசவ லீவுல போனப்போ ரெண்டு மாசம் நீங்க வந்தீங்க. அப்பவே கேட்டேன். கவுத்துப் போடு, கேள்வி கேக்காதேன்னீங்க."

புகாராகச் சொல்லவில்லை அவள். வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொல்வது போலச் சொன்னாள். பின் பெஞ்சில் பி.டி. சார் தம் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியையின் பேனா நின்றுவிட்டது.

சுவரில் மணி பார்த்தார். இருபத்திரண்டு நிமிடம் பாக்கி, எட்டுக் கணக்கு பாக்கி. "கிளாஸ் முடிஞ்சதும் ஸ்டாஃப் ரூமுக்கு வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பன்னிரண்டும் முடியும், பத்தாம் வகுப்பும் நிலைக்கும். விதியை எழுதியவருக்குத் தெரியாதா? ஆனால் ஒரு கையைத் தூக்க நாலு வருஷம் எடுத்துக்கொண்டவள் ஆசிரியர் அறைக்கு வரப் போவதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. அவருக்கு மகளின் பாட்டு கிளாஸ் ஞாபகம் வந்தது.

"உக்காராதே. இங்க வா" என்றார்.

மேஜையில் வேறு காகிதம் இல்லை. பாடக்குறிப்புத் தாளையே எடுத்து நீளவாக்கில் ஆறு பட்டையாகக் கிழித்து அவள் கையில் கொடுத்தார். பாதிப் பாதியாகக் கிழித்தால் எத்தனை துண்டு? காத்திருந்தார். பன்னிரண்டு என்றாள். அப்படியானால் ஆறை அரையால் வகுத்தால்? அவள் தாளையும் அவரையும் பார்த்தாள். முன் பெஞ்சுப் பையன் ஒருவன் விடையைச் சொல்ல எழுந்தான். கணக்கு சார் அவனைக் கை காட்டி உட்கார வைத்தார். அதே பன்னிரண்டுதான் என்று அவளே சொன்னாள். அடுத்து, ஆறை முக்காலால் வகுக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையும் நாலு காலாகி இருபத்துநாலு துண்டு மேஜையில் கிடந்தது. அவள் மூன்று மூன்றாக அடுக்கினாள். எட்டு அடுக்கு. வகுப்பில் சிலர் பெஞ்சின் மேல் ஏறி எட்டிப் பார்த்தார்கள். அவர் கண்டிக்கவில்லை.

"நாலால பெருக்கினோம், மூணால வகுத்தோம்" என்று மெதுவாகச் சொன்னாள். அந்தப் பாடவேளையின் மிக நீளமான மௌனம் அதற்குப் பிறகுதான் வந்தது. பிறகு அவள் நிமிர்ந்தாள். "அதான் கவுக்கிறோமா?"

"ஆமாம்மா."

"இவ்வளவுதானா சார்?" என்றாள். அதில் கொஞ்சம் கோபம் இருந்தது.

மணி அடித்தது. பலகையில் ஐந்தாவது கணக்கு பாதியில் நின்றது.

மறுநாள் தலைமையாசிரியை அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

"காத்திருக்கிறதுல பி.டி. சார் உங்களுக்கு நாலாம் நிலை போட்டிருக்கார். ஒரு கட்டத்துக்கு மேல அவர் வாட்சைப் பாக்கவே இல்லையாம். ஆனா பன்னிரண்டுல நாலுதான் முடிஞ்சிருக்கு. பாடக்குறிப்பையாவது ஃபைல்ல வெக்கலாம்னா..."

"கிழிச்சிட்டேன் மேடம்."

"அந்தப் பொண்ணு கேட்டதும் பாடம்தானே? முடிச்சார்னு எழுதிடட்டுமா?"

உடனே மறுத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்ல அவருக்கும் ஆசைதான். உண்மையில் பூஜ்யம் புள்ளி எட்டாவது விநாடியில் 'எழுதுங்க மேடம்' என்று மனசு சொல்லியாகிவிட்டது. ஒரு வாரப் பழக்கத்தில் வாய்தான் கொஞ்சம் தாமதித்தது. அந்தத் தாமதத்தில் மேஜைமேல் கிடந்த இன்னொரு தாள் கண்ணில் பட்டது. புவியியல் சாருடையது. பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொன்னதில் பாடம் முடியவில்லை, இரண்டாம் நிலை என்று எழுதியிருந்தது.

"வேண்டாம் மேடம். எனக்கு எழுதினா அவருக்கும் எழுதணும். ரெண்டே போடுங்க" என்றார். போட்டார்கள். அடுத்த ஆண்டுக் கால அட்டவணையில் அவருக்கு ஆறாம் வகுப்பு, அ பிரிவும் ஆ பிரிவும். ஆறாம் வகுப்பு டீச்சருக்குப் பத்தாவது. அந்த அம்மாள் ஜன்னலோர நாற்காலியில் வந்து உட்காரும்போது லேசாகச் சிரித்தார்.

சுயமதிப்பீட்டுப் படிவத்தைத் திருத்தித் தர வேண்டியிருந்தது. கணக்கு சார் நான்குகளை அடித்து உண்மையான எண்களைப் போட்டார். கடைசிக் கேள்விக்கு வந்ததும் "ஒன்றுமில்லை" என்பதை அடித்தார். வருஷத்துக்கு நாற்பது பேர், பத்தொன்பது வருஷம், எழுநூற்று அறுபது. அதில் பாதி எழுந்து இறங்கிய கை எத்தனை? இருபத்தாறு வருஷத்தில் விடை கைவசம் இல்லாத கணக்கு அவருக்கு அது ஒன்றுதான். படிவத்தை வாங்கிப்போக வந்த பி.டி. சார் பக்கத்தில் நின்றார்.

"எழுதிட்டீங்களா சார்? ரொம்ப நேரமாச்சு."

"இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். மகள் எடுத்தாள்.

"என்னப்பா, இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்லம்மா. பத்தாவதுல என் கிளாஸ்ல உனக்கு எதும்மா புரியாம இருந்துச்சு?"

அந்தப் பக்கத்திலிருந்து பதில் இல்லை. பாக்கெட்டில் சாக்பீஸ் எதுவும் இல்லை. அவர் எண்ணவும் இல்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா" என்றார் கணக்கு சார். "நீ யோசிச்சுச் சொல்லு."